கேட் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது: வாட்டர் ப்யூரிஃபையர் சேல்ஸுக்குப் புதுசு, யோசனை சொல்லுங்கள்

#1 குடியாத்தம்_பையன்

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வேலூரில் ஒரு வாட்டர் ப்யூரிஃபையர் டீலரிடம் சேல்ஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஷோரூமில் உட்கார்கிற வேலை இல்லை. காந்தி நகர், சத்துவாச்சாரி, பாகாயம் என்று ஏரியா பிரித்துக் கொடுத்து வீடு வீடாகப் போகச் சொல்கிறார்கள்.

நண்பர்களிடம் மணிக்கணக்கில் பேசுகிறவன்தான் நான். ஆனால் காலிங் பெல்லை அழுத்திவிட்டு நிற்கும்போது வயிற்றில் ஏதோ செய்கிறது. உள்ளேயிருந்து "இன்னாபா?" என்று ஒரு குரல் வந்துவிட்டால் மனப்பாடம் செய்தது எல்லாம் காணாமல் போகிறது. யாரும் கதவைத் திறக்காமல் இருந்தால் நல்லது என்றுகூடத் தோன்றுகிறது. வீட்டில் வேறு, "படிச்சிட்டு வீடு வீடா விக்கப் போறியா" என்று பெரியப்பா கேட்டுவிட்டார். அப்பா தறி ஓட்டுகிறவர், அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பயம் போகுமா? பர்சனாலிட்டி டெவலப்மென்ட் வகுப்பு ஒன்றில் சேரச் சொல்கிறான் நண்பன். ஃபீஸ் கட்டிச் சேரலாமா?

#2 ஆற்காடு_லைன்

தம்பி, ஃபீஸ் பணத்தை வைத்து முதலில் ஒரு நல்ல செருப்பு வாங்கு. மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

நான் ஏஜென்சி லைனில் இருந்தவன். பிஸ்கட், சோப்பு, ஷாம்பு என்று ஆற்காடு, வாலாஜா, ராணிப்பேட்டை, சோளிங்கர் பக்கமெல்லாம் கடை கடையாக ஆர்டர் எடுத்திருக்கிறேன். கடைக்காரரும் வீட்டுக்காரரும் ஒன்று இல்லை. கடைக்காரருக்கு நான் வாராவாரம் வருவேன் என்று தெரியும். திட்டினாலும் அடுத்த வாரம் பேசித்தான் ஆக வேண்டும். நீ போகிற வீட்டில் உன்னை யாரென்றே தெரியாது. அதனால் உன் பயத்தில் நியாயம் இருக்கிறது. தெரியாத ஆள் கேட்டைத் தட்டினால் உள்ளே இருக்கிறவருக்கும் கொஞ்சம் பயம்தான்.

போகுமா என்றால், பெரும்பகுதி போகும். ஆனால் எதனால் வருகிறது என்று தெரியாமல் பொத்தாம்பொதுவாக "தைரியமாக இரு" என்று நான் சொல்லப்போவதில்லை. கேட் முன்னால் நின்று என்ன சொல்கிறாய்? வார்த்தைக்கு வார்த்தை அப்படியே எழுது.

#3 குடியாத்தம்_பையன்

நன்றி அண்ணே. இதுதான் கொடுத்திருக்கிறார்கள்:

"வணக்கம் மேடம், நாங்கள் உங்கள் பகுதியில் இலவசத் தண்ணீர்ப் பரிசோதனை முகாம் நடத்துகிறோம். நீங்கள் குடிக்கிற தண்ணீர் எவ்வளவு ஆபத்தானது தெரியுமா? அஞ்சே நிமிஷம், ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க, உங்க கண் முன்னாடியே காட்டுறேன்."

அப்புறம் கிட்டை எடுத்து டெமோ. இரண்டு டம்ளரில் கம்பி விட்டு கரண்ட் கொடுப்போம். வீட்டுத் தண்ணீர் பழுப்பாக, கறுப்பாக மாறும். நம் மெஷின் தண்ணீர் அப்படியே இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து போகிற நேரத்தில் விலை சொல்ல வேண்டும் என்பது டிரெயினிங்.

#4 மெம்பரேன்_மாற்றுபவன்

ஆ, அந்தக் கம்பி டெமோவா! இன்னும் இதை விடவில்லையா?

நான் சர்வீஸ் ஆள். வேலூர், காட்பாடி, அணைக்கட்டு வரைக்கும் எல்லா பிராண்டும் கழற்றி மாட்டுகிறேன். தம்பி கெமிஸ்ட்ரி படித்தவர், அவருக்கே தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் கிட்டில் இருப்பது இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும். தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் கரண்ட் நன்றாகப் பாயும், இரும்புக் கம்பி அரித்துக் கரையும். டம்ளரில் பழுப்பாக மிதப்பது அந்தக் கம்பியிலிருந்து வந்த துரு. உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. ஆர்ஓ (கரைந்த உப்பைப் பிரித்தெடுக்கிற மெஷின்) தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் பாயாது, அதனால் கம்பியும் கரையாது, தண்ணீர் தெளிவாக நிற்கும்.

சோதித்துப் பார்க்க வேண்டுமா? ஆர்ஓ தண்ணீர் டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டு அதே கம்பியை விடுங்கள். அதுவும் நிறம் மாறும்.

#5 டீம்_லீடர்_வேலூர்

வந்துவிட்டார்கள் நியாயவான்கள். எல்லா கம்பெனியிலும் ஏதாவது ஒரு டெமோ உண்டு. சோப்பு விளம்பரத்தில் கிருமியைப் பெரிதாக்கிக் காட்டவில்லையா? டெமோ இல்லாமல் வெறும் வாயால் பேசி ஒரு மெஷினை விற்றுக் காட்டுங்கள் பார்க்கலாம். புதுப் பையன் மாசக் கடைசியில் நம்பர் காட்டவில்லையென்றால் வேலையே இருக்காது. அவன் கேட்டது தைரியம் வருவது எப்படி என்று. நீங்கள் இருக்கிற ஆயுதத்தையும் பிடுங்குகிறீர்கள்.

#6 சத்துவாச்சாரி_மாடிவீடு

நான் விற்கிற ஆள் இல்லை, கதவைத் திறக்கிற ஆள். அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

இந்த டெமோவை எங்கள் வீட்டிலும் காட்டினார்கள். பத்தாவது படிக்கிற என் மகள், "அங்கிள், உங்க தண்ணியில கொஞ்சம் உப்பு போட்டுக் காட்டுங்க" என்றாள். வந்தவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பாடப் புத்தகத்திலேயே மின்னாற்பகுப்பு இருக்கிறது. இப்போது வீட்டுக்கு வீடு போன் இருக்கிறது, ஒரு வீடியோ பார்த்தால் போதும். டீம் லீடர் சார் சொல்கிற ஆயுதம் பத்து வருஷத்துக்கு முன்னாடி வேலை செய்திருக்கலாம்.

இன்னொன்று. "நீங்கள் குடிக்கிற தண்ணீர் ஆபத்து" என்று வாசலிலேயே ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வரும். அந்தத் தண்ணீரைத்தான் என் பிள்ளைகளுக்குக் கொடுத்து வளர்த்திருக்கிறேன்.

#7 குடியாத்தம்_பையன்

அக்கா சொன்னது சுருக்கென்று பட்டது. உண்மையைச் சொல்கிறேன், டிரெயினிங்கில் முதல் தடவை அந்தக் கம்பியைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. லேபில் பார்க்காத வேலையா? எல்லோரும் கை தட்டினார்கள், நான் பேசாமல் இருந்தேன். வாசலில் நிற்கும்போது "யாராவது சயின்ஸ் டீச்சர் கதவைத் திறந்துவிட்டால்?" என்ற நினைப்புதான் முதலில் வருகிறது. காட்பாடியில் யார் எந்தக் காலேஜில் வேலை பார்க்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

ஆனால் டீம் லீடர் சார் கேட்பதும் சரிதானே? அது இல்லையென்றால் என்னத்தைக் காட்டுவது?

#8 ஆற்காடு_லைன்

பார்த்தாயா, பாதி பயம் எங்கேயிருந்து வருகிறது என்று நீயே சொல்லிவிட்டாய். அது பேசத் தெரியாத பயமே இல்லை. மாட்டிக்கொள்வோமோ என்கிற பயம். அதற்கு எந்த வகுப்பிலும் மருந்து கிடையாது.

மீதிப் பாதி, புது ஆளைப் பார்த்தால் வருகிற கூச்சம். அது நடக்க நடக்கக் குறையும். அதற்குச் சில சின்ன வேலைகள் இருக்கின்றன. பெல்லை அடித்துவிட்டு கேட்டிலிருந்து ஓரடி பின்னால் நில். ஐடி கார்டு வெளியே தெரியட்டும். முதல் வார்த்தையிலேயே பெயர், எந்தக் கடையிலிருந்து வருகிறாய், கடை எந்த ரோட்டில் இருக்கிறது, மூன்றையும் சொல்லிவிடு. "முகாம்" என்றெல்லாம் கவர்ன்மென்ட் ஆள் மாதிரி பேசாதே. விற்க வந்திருக்கிறாய் என்று தெரிந்த பிறகு அவர்களுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி. இப்படிச் சொல்லிப் பார்:

"அக்கா வணக்கம், அண்ணா சாலையில இருக்கிற கடையிலேருந்து வரேன். வாட்டர் ஃபில்டர் விக்கிறோம். உங்க வீட்டுத் தண்ணியில உப்பு எவ்ளோன்னு பார்த்துச் சொல்லட்டுமா? வாங்கணும்னு இல்ல."

இதை போனில் ரெக்கார்ட் பண்ணிக் கேள். முதலில் கேட்கக் கூச்சமாக இருக்கும். வேகமாகப் பேசுகிறாயா, கடைசி வார்த்தையை முழுங்குகிறாயா என்று தெரிந்துவிடும். அம்மாவிடம் பேசிக் காட்டு. அவர்களுக்குப் புரியாத சொல் எதுவோ அதைத் தூக்கிவிடு.

தண்ணீர் பற்றி எனக்குத் தெரியாது. மெம்பரேன் தம்பி எழுதட்டும்.

#9 மெம்பரேன்_மாற்றுபவன்

எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நீங்கள் காட்ட வேண்டியது ஒரு சின்ன டிடிஎஸ் மீட்டர். சில நூறு ரூபாய்தான். அதையும் பூச்சாண்டி காட்டப் பயன்படுத்தாதீர்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று தோராயமாகச் சொல்லும், அவ்வளவுதான். கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500-இல் குடிநீருக்கு டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. கடினத்தன்மைக்கு, அதாவது கால்சியம், மெக்னீசியம் உப்புக்கு, 200, அதிகபட்சம் 600. இந்த நாலு எண்ணும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

அடுத்து, நம் ஊரில் ஒரே வீட்டில் இரண்டு மூன்று தண்ணீர் இருக்கும். காவிரி கூட்டுக் குடிநீர் குழாயில் வருவது ஒன்று. போர் தண்ணீர் ஒன்று. குடிக்க 20 லிட்டர் கேன். எந்தத் தண்ணீரை அளந்தீர்கள் என்று கேட்காமல் ஒரு எண்ணைச் சொல்வது அர்த்தமே இல்லாத வேலை. மூன்றையும் மூன்று டம்ளரில் வாங்கி அளந்து, அவர்கள் கண்ணாலேயே படிக்கச் சொல்லுங்கள். போரும் குழாயும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்ததும் அவர்களே கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். அதற்கப்புறம் நீங்கள் பேச்சை இழுக்க வேண்டியதில்லை.

குழாய்த் தண்ணீர் டிடிஎஸ் 300 என்று வந்தால் ஆர்ஓ தேவையில்லை. 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓ வேண்டாம் என்றுதான் சொன்னது. அந்த வீட்டுக்கு யுவி அல்லது யுஎஃப் மெஷின் போதும். யுவி கிருமியைக் கொல்லும், உப்பைக் குறைக்காது. யுஎஃப் வடிகட்டும், அதுவும் உப்பைத் தொடாது. ஆர்ஓ மெஷினில் இருக்கிற மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வுதான் உப்பைப் பிரிக்கும், சுமார் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். பதிலுக்கு வீட்டு மெஷினில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் வெளியே போகும். இதை அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லுங்கள். அந்தப் பைப்பை ஒரு பக்கெட்டில் விட்டு, தரை துடைக்க, பாத்ரூமுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லுங்கள்.

முடி கொட்டுகிறது, குழாயில் வெள்ளையாகப் படிகிறது என்று நிறையப் பேர் சொல்வார்கள். படிவது கடினத்தன்மையால். குளிக்கிற தண்ணீருக்கு ஆர்ஓ விற்காதீர்கள், அதற்கு சாஃப்ட்னர் என்று தனியாக இருக்கிறது. முடி விஷயத்துக்கு வாக்கு கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். கொஞ்ச நாள் உங்கள் கடை சர்வீஸ் பையனோடு போங்கள். பழைய மெஷினைத் திறந்து செடிமென்ட் ஃபில்டர் சேறு பிடித்திருப்பதை, கார்பன் ஃபில்டரை, மெம்பரேனைக் கையால் தொட்டுப் பாருங்கள். வாங்கின பிறகு ஜனங்கள் எதற்குத் திட்டுகிறார்கள் என்று காதால் கேளுங்கள். முக்கால்வாசி "போன் பண்ணா வரமாட்டேங்கிறாங்க" என்பதாகத்தான் இருக்கும். செடிமென்ட், கார்பன் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள், மெம்பரேன் தண்ணீரைப் பொறுத்து இரண்டு மூன்று வருஷம். இதை மறைத்து விற்றால் ஒரு வருஷம் கழித்து அந்தத் தெருவுக்குள் நுழைய முடியாது.

#10 ஆம்பூர்_தோல்ஷாப்

மெம்பரேன் அண்ணா சொன்னதோடு எங்கள் பக்கத்துச் செய்தியையும் சேர்க்க வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்றால் தண்ணீர்ப் பேச்சு வேறு மாதிரி. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட் போய், 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கைக்கு இன்றைக்கும் நாடு முழுக்க அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் இதைக் கதை கதையாகச் சொல்வார்கள். அவர்கள் முன்னால் போய் "உங்க தண்ணி கெட்டது தெரியுமா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். உங்களை விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அங்கே வருகிற கேள்வி, "குரோமியம் போகுமா?" என்பது. தோல் பதனிடப் பயன்படுத்துகிற உலோகம் அது. டிடிஎஸ் மீட்டரை நீட்டி பதில் சொல்லிவிடாதீர்கள். குரோமியத்துக்கு வரம்பே லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். டிடிஎஸ் நூற்றுக்கணக்கில் ஓடும்போது அந்த அளவு மீட்டரில் தெரியவே தெரியாது. லேபில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். "எனக்குத் தெரியாது, லேபில் பாருங்கள்" என்று ஒரு சேல்ஸ்மேன் சொன்னால் எங்கள் ஊரில் டீ கொடுத்து உட்கார வைப்பார்கள்.

நேரமும் பார்த்துப் போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா நேரத்தில் போகாதீர்கள். ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் சாயங்காலம்தான் வீடு திரும்புவார்கள், பகலில் போனால் பாட்டியும் குழந்தையும்தான். சம்பளம் வந்த வாரத்தில் போகிற பேச்சே வேறு. உருது தெரியவில்லை என்று கவலை வேண்டாம், நன்றாகத் தமிழ் பேசுவோம். ஒரு சலாம் சொன்னால் போதும்.

#11 மெம்பரேன்_மாற்றுபவன்

@ஆம்பூர்_தோல்ஷாப் நூற்றுக்கு நூறு சரி. வேலூரிலும் நேரம் முக்கியம். சித்திரை, வைகாசியில் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரைக்கும் யார் வீட்டு பெல்லையும் அடிக்காதீர்கள். கத்திரி வெயிலில் தூங்குகிறவரை எழுப்பினால் என்ன பேசியும் பிரயோசனமில்லை.

#12 ஜவுளிக்கடை_நிற்பவள்

நான் துணிக்கடை சேல்ஸ். கேட்டைத் தட்டுகிற வேலை இல்லை, ஆள் தானாக வருவார்கள், ஆனாலும் ஆரம்பத்தில் எனக்கும் வாய் வராது. எங்கள் செக்‌ஷன் அக்கா சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. "என்ன விலையில பாக்கறீங்க" என்று முதலில் கேட்காதே, "யாருக்கு, என்ன விசேஷம்" என்று கேள். கல்யாணப் பெண்ணுக்கா, மாமியாருக்கா, சீர் வைக்கவா என்று தெரிந்துவிட்டால் எடுத்துப் போட வேண்டிய புடவை குறைந்துவிடும். மடிக்கிற வேலையும் மிச்சம்!

தம்பியும் அப்படிக் கேட்கலாமே. வீட்டில் எத்தனை பேர், கைக்குழந்தை இருக்கிறதா, கேனை மாடிக்கு யார் தூக்குகிறார்கள் என்று. அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். பேசத் தெரியவில்லை என்ற கவலையே பாதி போய்விடும்.

(சம்பந்தம் இல்லாத செய்தி, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. இன்னும் பல கடைகளில் ஸ்டூல் இருக்கும், உட்கார்ந்தால் முறைப்பார்கள். புதுசாக வேலைக்கு வருகிற பெண்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.)

#13 டீம்_லீடர்_வேலூர்

எல்லாம் படித்தேன். சரி, கம்பி டெமோவை நானும் இனி வற்புறுத்தவில்லை. சத்துவாச்சாரி மேடம் வீட்டுப் பெண் மாதிரி நாலு பேர் வந்தால் கதை முடிந்தது. ஆனால் இங்கே யாரும் எழுதாத ஒன்று இருக்கிறது. புதுப் பையன்கள் தோற்பது பேசத் தெரியாமல் இல்லை, கேட்கத் தெரியாமல். நன்றாக விளக்குவார்கள், மீட்டர் காட்டுவார்கள், தண்ணீர் குடித்துவிட்டு "சரிங்க மேடம், வரேன்" என்று கிளம்பிவிடுவார்கள். "வாங்கிக்கிறீங்களா, எந்தக் கிழமை மாட்டட்டும்?" என்று வாய் திறந்து கேட்கவே மாட்டார்கள். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று. இல்லை என்று சொன்னால் என்ன, அடுத்த வீடு.

அப்புறம் நோட்டு. போன் ஆப் எல்லாம் சரி, ஒரு நோட்டும் வையுங்கள். தெரு, வீடு, என்ன தண்ணீர், எத்தனை டிடிஎஸ், என்ன சொன்னார்கள், எப்போது திரும்ப வரச் சொன்னார்கள். "பொங்கல் கழிச்சு வாப்பா" என்று சொன்னவர் வீட்டுக்குப் பொங்கல் கழித்துப் போகிறவன் ரொம்பக் குறைவு. போனால் பாதி வேலை முடிந்தது. நான் டீம் லீடர் ஆனது இந்த நோட்டால்தான், டெமோவால் இல்லை.

#14 ஆற்காடு_லைன்

இப்போதுதான் டீம் லீடர் உருப்படியாகப் பேசியிருக்கிறார்.

விலைப் பேச்சு வரும்போது என்ன செய்வது என்று தம்பி கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் வரும். "யோசிச்சு சொல்றேன்" என்றால் மூன்று விஷயம் இருக்கலாம். விலை அதிகம் என்று நினைக்கிறார்கள், முடிவு எடுக்கிறவர் வீட்டில் இல்லை, அல்லது உன்னை நம்பவில்லை. எது என்று மரியாதையாகக் கேட்டுவிடு: "விலையில யோசனையாங்க, இல்ல வீட்ல கேக்கணுமா?" வீட்டில் கேட்க வேண்டும் என்றால் இரண்டு பேரும் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையைக் கேட்டு வாங்கு. ஒருவரிடம் சொன்னதை அவர் இன்னொருவரிடம் சொல்லி உனக்காக விற்க மாட்டார்.

விலைதான் என்றால் கணக்கு போட்டுக் காட்டு. ஆனால் நேர்மையாகப் போடு. உதாரணத்துக்கு, கேன் 35 ரூபாய், இரண்டு நாளைக்கு ஒரு கேன் என்றால் மாதம் 525, வருஷம் 6,300. மூன்று வருஷத்துக்கு 18,900. மெஷின் 14,000, முதல் வருஷம் சர்வீஸ் இலவசம், அடுத்த வருஷங்களுக்கு 3,500 வீதம் என்று வைத்தால் மூன்று வருஷத்தில் 21,000. அதாவது சின்னக் குடும்பத்துக்கு மூன்று வருஷத்தில் பணம் மிச்சமாகாது! "கேன் செலவு மிச்சம்" என்று அந்த வீட்டில் சொன்னால் பொய். தினம் ஒரு கேன் வாங்குகிற பெரிய குடும்பத்துக்கு வருஷம் 12,600, மூன்று வருஷம் 37,800. அங்கே தைரியமாகச் சொல். சின்ன வீட்டில் மாடிக்குக் கேன் தூக்குகிற கஷ்டம், கேன்காரர் வராத நாள், இதைத்தான் பேச முடியும். அதுவும் இல்லையென்றால் அந்த வீட்டுக்கு மெஷின் வேண்டாம்.

கணக்கு தெரிந்தவனுக்குக் குரல் நடுங்காது என்பதைக் கடை லைனில் நிறையப் பார்த்திருக்கிறேன். பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் பத்து பர்சன்ட் என்று புது ஆள் சொல்வான். கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டி, "பதினோரு பீஸுக்கு ஒரு பீஸ்டா, ஒம்போது பர்சன்ட்தான்" என்பார். அதோடு அன்றைக்கு ஆர்டர் போச்சு. 80-க்கு வாங்கி 100-க்கு விற்றால் வாங்கின விலைக்கு 25 பர்சன்ட், விற்ற விலைக்கு 20. கடைக்காரர் எதைக் கேட்கிறார் என்று தெரிந்து பதில் சொல்ல வேண்டும். உன் லைனிலும் இப்படி ஏதாவது இருக்கும், இஎம்ஐ வட்டி, ஏஎம்சி-யில் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எது சேரும் எது சேராது என்று. உட்கார்ந்து பேப்பரில் போட்டுப் பார்.

#15 குடியாத்தம்_பையன்

அண்ணே, இவ்வளவு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ரெக்கார்ட் பண்ணிக் கேட்டேன், ரயில் அறிவிப்பு மாதிரி இருந்தது. அம்மாவுக்கு "ப்யூரிஃபிகேஷன்" புரியவில்லை, எடுத்துவிட்டேன்.

இரண்டு கேள்வி. ஒன்று, கடையில் மேனேஜர் கம்பி டெமோ கட்டாயம் என்றால் என்ன செய்வது? இரண்டு, அசல் சர்ட்டிஃபிகேட்டைக் கேட்கிறார்கள், கூடவே டெமோ கிட்டுக்கு டெபாசிட்டும். கொடுக்கலாமா?

#16 மெம்பரேன்_மாற்றுபவன்

இரண்டாவதற்கு முதலில்: அசல் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அசலைக் காட்டி உடனே திரும்ப வாங்குங்கள். டெபாசிட் என்றால் ரசீது, எப்போது திரும்பத் தருவார்கள் என்று எழுத்தில். அது இல்லையென்றால் வேறு கடை பாருங்கள். இந்த ஊரில் ஃபில்டர் டீலர் ஒருத்தர் மட்டும் இல்லை.

முதலாவதற்கு, சண்டை போடாதீர்கள். மீட்டரை வைத்து மூன்று டம்ளர் முறையில் பண்ணிப் பார்க்க ஒரு மாதம் விடுங்கள் என்று கேளுங்கள். ஆர்டர் வந்தால் எந்த மேனேஜரும் கம்பியைப் பற்றிக் கேட்க மாட்டார்.

#17 டீம்_லீடர்_வேலூர்

கேட்க மாட்டார்கள். உறுதி. (நானே மேனேஜர் மாதிரிதான்.)

#18 சத்துவாச்சாரி_மாடிவீடு

தம்பி, எங்கள் தெருவுக்கு வந்தால் எங்கள் வீட்டையும் தட்டுங்கள். வாங்குவேன் என்று சொல்லவில்லை. இருக்கிற மெஷினில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது, விற்றவர் போனை எடுப்பதே இல்லை. மகளுக்கு உங்கள் மீட்டரையும் பார்க்க ஆசை.

#19 குடியாத்தம்_பையன்

கட்டாயம் வருகிறேன் அக்கா. ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது பூஸ்டர் பம்ப் பிரச்சினையாக இருக்கலாம். சர்வீஸ் அண்ணனையும் கூட்டி வருகிறேன்.

எல்லோருக்கும் ஒரு தகவல். சர்வீஸ் ஆளோடு சுற்ற ஆரம்பித்துவிட்டேன், மூன்று டம்ளர் முறையும் பண்ணுகிறேன். பாகாயத்தில் ஒரு வீட்டில் குழாய்த் தண்ணீர் 300-க்குக் கீழே வந்தது, ஆர்ஓ வேண்டாம் என்று சொன்னேன். அவர்கள் எதுவும் வாங்கவில்லை, யுவி கூட. ஆனால் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன், நாக்கு ஒட்டவில்லை. பெரிய கேட், உள்ளே நாய் என்றால் இன்னும் பயம்தான், அது வேறு கணக்கு. ஆர்டர் வருகிறது, டார்கெட் அளவுக்கு இன்னும் இல்லை.

இப்போது ஒரு சந்தேகம். கே.வி.குப்பம் பக்கம் ஒரு வீட்டில் போர் தண்ணீர் டிடிஎஸ் 2,000-ஐத் தாண்டுகிறது. குடிக்கக் கேன்தான் வாங்குகிறார்கள், மெஷின் மாட்டியே ஆக வேண்டும் என்று அந்த வீட்டு அய்யா பிடிவாதமாக இருக்கிறார். கையில் பணத்தோடு நிற்கிறார். மாட்டலாமா?

#20 மெம்பரேன்_மாற்றுபவன்

மாட்டாதீர்கள். சாதாரண வீட்டு மெஷின் பெரும்பாலும் 2,000 வரைக்குத்தான், உங்கள் மெஷினின் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். அதற்கு மேல் போனால் மெம்பரேன் சீக்கிரம் போய்விடும், தண்ணீரும் உப்பாகவே வரும், அய்யா உங்கள் கடை வாசலில் வந்து நிற்பார். முதலில் தண்ணீரை லேபில் கொடுக்கச் சொல்லுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வகம் இருக்கிறது. கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் எல்லாம் பார்க்கட்டும். அப்புறம் ஊராட்சிக் குழாய்த் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் அதை அளந்து பார்த்து அந்த லைனில் சின்ன மெஷின் மாட்டலாம். வராவிட்டால், அதிக டிடிஎஸ்ஸுக்கென்று தனி மெம்பரேன் போட்ட மாடல் உங்கள் கம்பெனியில் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். ரிசல்ட் வந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

#21 குடியாத்தம்_பையன்

சரி அண்ணா. பணத்தை இப்போது வாங்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நாளைக்குக் காலையில் போய் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருகிறேன்.